சபர்கிராம் வழியில் ஐந்து மணி நேரம்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் சுப்பையா கடை எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். சுப்பையா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் சுந்தரம்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். அப்பளம், புளி, காபிப் பொடி, வெள்ளிக்கிழமை மட்டும் வாழையிலை. கடைக்கு மேல்மாடியில் சுப்பையாவின் மூத்த மகள் சரோஜா தனியாகக் குடியிருக்கிறார். அதே மாடியில் எதிர்க்கதவு எங்களுடையது. எனக்கு அவர் சரோஜாக்கா.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வரன்கள் வந்தன, ஒன்றும் அமையவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் லீவு எடுத்து ஊருக்குப் போவோம், திருப்பதிக்குப் போவோம், பூரிக்குப் போவோம். சரோஜாக்கா போவது ஒரே இடத்துக்கு. டார்ஜிலிங்குக்கு மேற்கே, நேபாள எல்லையை ஒட்டி ஒரு நீண்ட மலைமுகடு ஓடுகிறது. சிங்கலீலா என்று பெயர். இப்போது அது தேசியப் பூங்கா. அந்த முகட்டின் மேல் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் சந்தக்ஃபூ, அங்கிருந்து ஒரு நாள் நடையில் ஃபாலூட். நாற்பது வருஷத்தில் அக்கா அங்கே முப்பது தடவைக்கு மேல் போயிருக்கிறார். அதில் ஒரு தடவை நடந்ததை அவர் எனக்குச் சொன்னது போன வருஷம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

எல்லாம் மினதிதியில் ஆரம்பித்தது. மினதி சன்யால். எக்ஸ்சேஞ்சில் சரோஜாக்காவுக்கு எட்டு வருஷம் சீனியர், பவானிபூர்க்காரர். வங்காளத்தில் அக்காவைப் பெயரோடு சேர்த்து 'தி' போட்டுக் கூப்பிடுகிற வழக்கப்படி ஆபீஸுக்கே அவர் மினதிதி. டிரங்க் கால் புக் செய்து மணிக்கணக்கில் காத்திருக்கிற காலம் அது. இருபது பெண்கள் வரிசையாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் மினதிதி பக்கத்து நாற்காலிக்காரியிடம் மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பக்கத்து நாற்காலிக்காரி சரோஜாக்கா. பவானிபூரில் ஒரு பழைய வீட்டு மாடியறையில் ஒரு மலையேற்றச் சங்கம் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் கூடுவார்கள், வரைபடத்தை விரித்து வைத்துச் சண்டை போடுவார்கள். மினதிதி அங்கே அழைத்துப் போனார். அடுத்த சித்திரையில் சந்தக்ஃபூ என்று முடிவாயிற்று. எண்பத்து மூன்றாம் வருஷம். அக்காவுக்கு வயது இருபத்தைந்து.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தாராம். கடைசியில் கடையில் கூட்டமாக இருக்கும்போது போய்ச் சொன்னார். கூட்டத்தில் அவர் கத்த மாட்டார் என்று ஒரு கணக்கு.

சுப்பையா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மலையில என்ன சோலி உனக்கு?"

"நடக்கணும்ப்பா."

"நடக்கதுக்கு அம்புட்டு தூரம் போணுமா? மலைதான் பாக்கணும்னா குத்தாலத்துக்குப் போயேன். அத்தை வீடு இருக்கு, அருவியில குளிச்சிட்டு வரலாம்."

"இது பெரிய மலைப்பா. கஞ்சன்ஜங்கா தெரியும்."

அவர் பொட்டலத்தைக் கட்டி, நூலை அறுத்து, வாடிக்கையாளர் கையில் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தார். "பொம்பளைக எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"புளிக்காய்ச்சல் கொண்டு போ. அங்க என்னத்தக் குடுப்பானோ."

அனுமதி கிடைத்துவிட்டது என்பதே அக்காவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்ததாம்.

அந்த முதல் நடையைப் பற்றிப் பேசும்போது சரோஜாக்காவின் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். கரியாஹாட் நடைபாதையில் வாங்கின கேன்வாஸ் ஷூ. சுந்தரத்தின் பழைய ஸ்வெட்டர். மழைக்கு, கடையில் மூட்டை மூடும் பிளாஸ்டிக் தாள். மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து ஏற ஆரம்பிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் செங்குத்தான ஏற்றம். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அப்பாவிடம் போய் என்ன சொல்வது என்கிற வெட்கத்தில் ஏறினேன் என்பார். பிறகு மூங்கில் காடு. அதற்கு மேலே குராஸ் மரங்கள். அந்த மலைக்காரர்கள் ரோடோடென்ட்ரானை அப்படித்தான் சொல்கிறார்கள். சித்திரையில் மரம் முழுக்கச் சிவப்பு. பாதையில் உதிர்ந்த பூக்களை மிதிக்காமல் நடக்க முதல் நாள் முழுக்க முயற்சி செய்தாராம். இரண்டாம் நாள் மிதித்துக்கொண்டுதான் நடந்தார், வேறு வழியில்லை. தங்கும் குடிசைகளில் விறகுப் புகை. கண் எரியும், ஆனால் அந்தப் புகையின் பக்கத்தில்தான் கை சூடாகும். தட்டில் சுடுசோறும் உருளைக்கிழங்கும் வந்ததும் அக்கா புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறப்பார். எட்டு வங்காளிகளும் முதலில் முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பாட்டில் காலி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையும் அப்படித்தான். மலையில் தனி மாநிலப் போராட்டம் நடந்த இரண்டு மூன்று வருஷம் மட்டும் யாரும் போக முடியவில்லை. மினதிதி வேகமாக நடப்பார், அக்கா மெதுவாக. வளைவுகளில் நின்று மினதிதி, "எஷோ சரோஜ், எஷோ," என்று கூப்பிடுவார். வா, வா என்று. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நான் எல்லா ஏற்றத்தையும் ஏறினேன் என்றார் அக்கா.

தொண்ணூற்று மூன்றில் மினதிதி அணித் தலைவி. ஒன்பது பேர். அந்தக் காடு அப்போதுதான் தேசியப் பூங்கா ஆகியிருந்தது. சந்தக்ஃபூவிலிருந்து ஃபாலூட்டுக்கு முகட்டு வழியாகவே இருபத்தொரு கிலோமீட்டர். மரம் குறைவு, வீடு கிடையாது. வழியில் சபர்கிராம் என்ற இடத்தில் ஒரு குடிசை உண்டு, அவ்வளவுதான். அன்றைக்குக் காலையில் வெயில் அடித்தது. வழிகாட்டி மற்ற ஏழு பேரோடு முன்னால் போய்விட்டான். சரோஜாக்காவுக்கு வயிறு சரியில்லை, பின்தங்கினார். தலைவி என்பதால் மினதிதி அவரோடு இருந்துவிட்டார்.

பத்து மணி வாக்கில் வானம் மூடிக்கொண்டது. முதலில் ஆலங்கட்டி. பிறகு சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத பனி. ஒரு கல்லில் கால் வைத்தபோது மினதிதி சறுக்கி விழுந்தார். ஏதோ ஒடிகிற சத்தம் அக்காவுக்குக் கேட்டதாம். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிற்று.

ஒரு பாறையின் மறைவில் இருவரும் உட்கார்ந்தார்கள். "வழிகாட்டி திரும்பி வருவான்," என்றார் மினதிதி. ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மினதிதியின் உதடு நீலம் பூத்திருந்தது. பல் கிட்டித்துப் பேச்சு குழறியது.

"நான் போய் ஆள் கூட்டிக்கிட்டு வரேன்," என்றார் சரோஜாக்கா.

"வேண்டாம். இந்தப் பனியில உனக்கு வழி தெரியாது. நீயும் போயிட்டா?"

"இப்படியே உக்காந்திருந்தா ரெண்டு பேரும் போயிருவோம், மினதிதி."

"நான் தலைவி. சொல்றதைக் கேளு. போகாதே."

அக்கா கேட்கவில்லை. தன் கம்பளிச் சால்வையை மினதிதியின் மேல் சுற்றினார். அதன் மேல் பிளாஸ்டிக் தாள். இருந்த பிஸ்கட்டையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தார். கிளம்பும்போது மினதிதி அவர் கையைப் பிடித்தார். அக்கா ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டு நடந்தார்.

சபர்கிராம் போக வேண்டியவர், எங்கோ ஒரு பிரிவில் இடதுபக்கம் இறங்கிவிட்டார். அது நேபாளத்துக்குள் போகிற மாட்டுப் பாதை. இறங்கிக்கொண்டே இருந்தது. முகட்டு வழி இப்படி இறங்காதே என்று உறைத்தபோது முக்கால் மணி நேரம் நடந்திருந்தார். திரும்பி ஏறுவதா, இறங்குவதா என்று தெரியவில்லை. அங்கேயே நின்று கத்தினார். என்ன மொழியில் கத்துவது? பதினான்கு வருஷப் பழக்கம், வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஹலோ! ஹலோ! ஹலோ!"

எக்ஸ்சேஞ்சில் கத்தக் கூடாது, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கிற மாதிரி பேச வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அப்படியே பத்து எண்ணி ஒரு ஹலோ, பத்து எண்ணி ஒரு ஹலோ. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஒரு நாய் குரைத்தது.

கீழே ஒரு மாட்டுக் கொட்டில். மூங்கில் தட்டி, மேலே பலகை. அதில் பேமா என்ற பெண்ணும் அவள் மாமனாரும் பத்துப் பன்னிரண்டு மாடுகளோடு இருந்தார்கள். பேமாவுக்கு அப்போது இருபது வயதிருந்தால் அதிகம். அக்காவின் அரைகுறை இந்தி அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கணுக்காலைத் தொட்டுக் காட்டியதும் எழுந்துவிட்டாள். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமக்கிற பெரிய மூங்கில் கூடையை எடுத்தாள். கிழவர் ஒரு பானையில் சூடான பாலை ஊற்றி மூடினார். மூவரும் ஏறினார்கள். அக்காவுக்குப் பாறை இருந்த இடம் சரியாகத் தெரியவில்லை. நாய்தான் முதலில் கண்டுபிடித்தது.

மணி நான்கு. விட்டுப் போய் ஐந்து மணி நேரம். மினதிதி கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. பாலைக் குடித்தார். பேமாவும் மாமனாரும் மாற்றி மாற்றிக் கூடையில் சுமந்து அவரைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். மாடுகளின் பக்கத்தில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் வழிகாட்டியும் மற்றவர்களும் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எலும்பு முறிந்திருந்தது. கல்கத்தாவில் இரண்டு மாதம் மாவுக்கட்டு.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாகசக் கதை. அந்த வருஷம் துர்கா பூஜைக்குச் சங்கத்தின் ஆண்டு மலர் வந்தது. பயணக் குறிப்பை எழுதியவர் தலைவி மினதி சன்யால். சரோஜாக்கா அதை எக்ஸ்சேஞ்ச் கேன்டீனில் உட்கார்ந்து படித்தார். அந்த வரிகள் இன்னும் அவருக்கு மனப்பாடம். "உறுப்பினர் ஒருவர் தலைவியின் சொல்லை மீறித் தனியே சென்று வழி தவறினார். அவரைத் தேடும் முயற்சியில் தலைவிக்குக் காலில் அடிபட்டது. அணிக்கு ஒரு நாள் இழப்பு." பேமாவின் பெயர் இல்லை, கூடை இல்லை, அந்த ஐந்து மணி நேரமும் இல்லை.

"நீங்க போய்க் கேக்கலையாக்கா?" என்றேன்.

"என்னன்னு கேக்க? சொல்லை மீறினது நிஜம். வழி தவறினதும் நிஜம். நடுவுல ஒரு வரியைத்தான் மாத்தியிருந்தாங்க. அதுக்கு எங்க போயி நியாயம் கேக்க?"

அடுத்த வருஷம் சங்கம் ஒரு பெரிய சிகரத்துக்கு ஆள் அனுப்புவதாக இருந்தது. முதல் தடவையாகப் பெண் ஒருவர் தலைமை. அந்த இடத்துக்கு மினதிதியின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அணியைக் கட்டிக் காக்க முடியாமல் பின்தங்கி, விழுந்து, கூடையில் சுமக்கப்பட்ட தலைவிக்கு அது கிடைத்திருக்காது. அக்காவுக்கு இதெல்லாம் அப்போதே புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை. சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். எக்ஸ்சேஞ்சில் இருவரும் ஒரே வரிசையில் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். நம்பரைத் தவிர வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் மினதிதி வேறு எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சிகரத்துக்குப் போய் வந்தார் என்று பேப்பரில் படம் வந்தது. அக்கா அதைக் கத்தரித்து வைத்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் மலையை விடவில்லை. தொண்ணூற்று நான்கு சித்திரையில் தனியாகவே டார்ஜிலிங் மெயில் ஏறினார். மானேபஞ்சனில் ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு நேரே பேமாவின் கொட்டிலுக்குப் போனார். ஒரு பை நிறைய அப்பளமும் காபிப் பொடியும் கொண்டு போனார். பேமா தூரத்திலிருந்தே, "ஹலோ தீதி! ஹலோ தீதி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாளாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பளத்துக்கு அவள் வைத்த பெயர் காகித ரொட்டி.

நாள் போகப் போக மாடு வளர்ப்பது அங்கே கட்டுப்படியாகவில்லை. மாமனாரும் போய்ச் சேர்ந்தார். பேமா காலாபோக்ரியில் ஒரு சின்ன விடுதி வைத்தாள். கருப்புத் தண்ணீர் உள்ள ஒரு குட்டை, அதன் பெயர்தான் ஊருக்கும். அக்கா அந்த விடுதியில் ஒரு வாரம் இருப்பார். காலையில் குராஸ் காட்டுக்குள் நடப்பார், மத்தியானம் பேமாவோடு கீரை ஆய்வார். சுப்பையா இறந்த வருஷம் மட்டும் இரண்டு வாரம் இருந்தார். என்னிடம் துக்கம் கேட்க வந்தவர்களிலேயே ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான் என்பார்.

கொரோனா இரண்டு வருஷத்தைக் கொண்டுபோயிற்று. இரண்டாயிரத்து இருபத்து மூன்று மாசி மாதம் ஒரு நாள் காலை, அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். மறுபக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். டெலிபோன்காரிக்கு அதுவே போதும்.

"சொல்லுங்க மினதிதி," என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பத்து வருஷம் பக்கத்து நாற்காலி."

மினதிதி கேட்டார். "சித்திரையில சந்தக்ஃபூ போவியா, சரோஜ்? எனக்கு எழுபத்து மூணு ஆச்சு. நடக்க முடியாது. இப்ப மேல வரைக்கும் வண்டி போகுதாமே."

தோசை கருகிவிட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, "டிக்கெட் நான் போடறேன்," என்றார்.

மூன்று நாள் ஏறின வழி இப்போது அரை நாள். கான்கிரீட் போட்ட பாதையில் பொலேரோ உறுமிக்கொண்டு ஏறிற்று. இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். தோங்லு குறுக்கு வழி எங்கே போயிற்று, அந்தத் தகரக் கூரைக் குடிசை எங்கே, சூடான பாலும் பார்லியும் கொடுத்த கிழவி கடை எங்கே என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். மற்றதைப் பேசவில்லை. குராஸ் மட்டும் மாறவில்லை. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி மினதிதி இறங்கினார். தடியை ஊன்றிக்கொண்டு இருபது அடி நடந்தார். திரும்பிப் பார்த்து, வாய் வரை வந்த 'எஷோ'வை விழுங்கிக்கொண்டதை அக்கா கவனித்தார்.

சாயங்காலம் பேமாவின் விடுதியில் கல்கத்தா சால்ட் லேக்கிலிருந்து வந்த ஐந்தாறு இளைஞர்கள், ஐ.டி.க்காரர்கள், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வயதான பெண்களைப் பார்த்ததும் ஒரு பெண் பெரியம்மா முறை வைத்துக் கேட்டாள், "மாஷிமா, நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

சரோஜாக்கா பொதுவாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். மினதிதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தொண்ணூத்து மூணுல வந்தோம். நான்தான் தலைவி. சபர்கிராம் வழியில பனியில விழுந்து காலை முறிச்சுக்கிட்டேன். போகாதேன்னு சொன்னேன், இவ கேக்கலை. போயி இந்தப் பேமாவைக் கூட்டிக்கிட்டு வந்தா. இவங்க கூடையில வச்சு என்னைத் தூக்கினாங்க. இல்லேன்னா நான் அங்கயே போயிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஊருக்குப் போயி, இவளால்தான் எனக்கு அடிபட்டுதுன்னு எழுதினேன். அச்சுல வந்துது. பொய்."

கேள்வி கேட்ட பெண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பேமாவுக்கு வங்காளம் முழுசாகப் புரியாது. ஆனால் தன் பெயரும் கூடையும் வந்ததும் எழுந்து வந்து மினதிதியின் பின்னால் நின்றுகொண்டாள்.

முப்பது வருஷமாக அக்கா மனசுக்குள் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தாராம். சிலது கோபமாக, சிலது ரொம்பப் பெருந்தன்மையாக. அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

"டீ ஆறுது, குடிங்க மினதிதி," என்றார்.

"அந்த அஞ்சு மணி நேரமும் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன் சரோஜ். திட்டறதை நிறுத்தினா தூங்கிருவேன்னு பயம்."

"தெரியும். பக்கத்துல வரும்போது உதடு அசைஞ்சுது. ஸ்லோகம் சொல்றீங்கன்னு பேமா நினைச்சா."

மினதிதி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். இளைஞர்கள் மெதுவாக எழுந்து வெளியே போனார்கள்.

மறுநாள் மினதிதி அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சந்தக்ஃபூ தாண்டி ஃபாலூட் போகும் கல்லும் குழியுமான பாதையில் வண்டி போயிற்று, பேமாவும் கூட வந்தாள். ஒரு மேட்டில் நிறுத்தச் சொன்னார் சரோஜாக்கா. "இந்தப் பாறைதான்."

"இது இல்லை. அதுக்குப் பக்கத்துல பட்டுப்போன ஒரு மரம் இருந்துது," என்றார் மினதிதி.

"மரம் எல்லாம் இல்லை."

"உக்காந்திருந்தது நானா நீயா?"

பேமாவைக் கேட்டார்கள். அவள் இரண்டையும் விட்டுவிட்டு, இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சரிவைக் காட்டினாள். மூன்று பேரும் நடுவழியில் நின்று சண்டை போட்டார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தான். அன்றைக்கு மேகமே இல்லை. கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரிந்தது. அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னார்.

மினதிதிக்கு அந்தக் குளிர்காலத்தில் முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. இனி மலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரோஜாக்கா சனிக்கிழமைதோறும் மெட்ரோவில் பவானிபூர் போய் மினதிதியைப் பார்த்துவிட்டு வருகிறார். இந்தச் சித்திரையில் தனியாகத்தான் போனார். மூன்று நாளும் மழை, பேமாவின் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அங்கே இப்போது சிக்னல் கிடைக்கிறது. தினம் ஒரு தடவை பவானிபூருக்குப் போன் போட்டு, மழை இன்னும் விடவில்லை என்று சொல்லிவிட்டு, கீரை ஆயப் போனாராம்.